பெயர் சொல்லாமல் அழைக்கப்பட்டவர்கள்

அக்கோனாசி ஊரின் இன்னும் பிறவாத மக்கள், மழைக்காலம் முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், கடலுக்கு ஒரு சாண் மேலே நடந்துவந்து கரையேறினார்கள். அன்று, புளித்த சோளமாவை இலையில் சுற்றி வேகவைத்த கெங்கே உருண்டையின் விலை நண்பகலுக்குள் இரட்டிப்பாயிற்று. மாலையில் எந்த விலைக்கும் கெங்கே கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கடலுக்கு உரிய நாள் என்பதால் அந்தக் கரையில் யாரும் படகு தள்ளுவதில்லை. வழி காலியாக இருந்ததால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஊரார் பிற்பாடு முடிவு கட்டினர். வந்தவர்கள் அந்தக் கரையில் துக்க வீட்டுக்குப் போகிறவர்களைப் போலக் கறுப்பும் செங்காவியுமான துணிகளைச் சுற்றியிருந்தார்கள். துணிகளில் ஒட்டுகள் இருந்தன. காலில் ரப்பர்ச் செருப்பு, கையில் குடை. குடைகளை அவர்கள் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள். மழை பெய்தால் நனையாமலிருப்பதைவிட நீரைப் பிடித்துவைப்பதே அவர்கள் காலத்தில் முக்கியமாம். தரையேறிய பின்னும் அவர்களுடைய பாதங்கள் மணலைத் தொடவில்லை. தரை என்பது தங்கள் காலத்தில் மிக அரிய பொருள் என்றும், கண்டபடி அதன்மேல் மிதித்து நடப்பது நாகரிகமன்று என்றும் அவர்களுள் ஒருத்தி சொன்னாள். சொன்னபோது ஊராரின் கால்களை அவள் பார்த்த பார்வையை யாரும் இரசிக்கவில்லை.

இந்த வருகைக்கு வித்திட்டவன் ஈபோ எசுமான். அவ்வூரில் பிறந்து, வெளிநாட்டில் ஓவியம் பயின்று, வெள்ளி நிறக் காலணியுடன் திரும்பி வந்தவன். ஆப்பிரிக்க எதிர்காலக் கலை என்பது அவன் தொழில். தனக்குரிய எதிர்காலத்தைத் தானே கற்பனை செய்யாத சமூகத்துக்கு மற்றவர்கள் அதைக் கற்பனை செய்து கொடுப்பார்கள், கொடுத்ததை அது வாங்கிக்கொண்டு வாழ வேண்டியிருக்கும் என்று அவன் மேடைதோறும் சொல்லிவந்தான். அந்த வாக்கியத்தில் குறையொன்றும் இல்லை. குறை, அதற்குப் பின் அவன் காட்டிய படங்களில் இருந்தது. அவற்றில் அக்கோனாசி மக்கள் அனைவரும் வெள்ளித்தாள் உடுத்து, பறக்கும் படகுகளில் எங்கும் இறங்காமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையிலும் மீன் இல்லை. ஒருவர் முகத்திலும் வேலை இல்லை. கடல் கடந்த ஓர் அறக்கட்டளை இப்படங்களை மிகவும் மெச்சி, 'நாளைய கரை' என்னும் திருவிழாவை நடத்தும்படி அவனை அனுப்பிவைத்தது.

ஊர் இதற்கு இணங்கியதற்குக் காரணம் எதிர்காலத்தின் மீதிருந்த ஆசையன்று. அக்கோனாசியில் கம்பெனிகள் எனப்படும் போர்க்காலத்து ஊர்ப்படைகள் இரண்டு உண்டு. போர் ஓய்ந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டபோதிலும் கம்பெனிகள் ஓயவில்லை. ஒவ்வொன்றுக்கும் கொடி, முரசு, சிமெண்டால் கட்டி வண்ணம் பூசிய கோயில் ஆகியவை உண்டு. முதல் கம்பெனியின் கோயிலுக்கு மேலே சிமெண்டால் செய்த ஆகாய விமானம் ஒன்று நின்றது. இரண்டாம் கம்பெனியாரிடம் கப்பலும் இரண்டு சிங்கங்களும் மட்டுமே இருந்தன. இந்த அவமானத்தை இரண்டாம் கம்பெனியின் தலைவரான சூப்பி க்வாமினா டாண்டோ நெடுநாளாகப் பொறுத்திருந்தார். விமானத்தைவிட உயரத்தில் பறக்கக்கூடியது எதுவென்று ஈபோ அவருக்கு விளக்கிச் சொன்ன அன்றே திருவிழா முடிவாயிற்று. கப்பலை இடித்துவிட்டு, சிமெண்டால் ஒரு பறக்கும் படகைச் செய்து வெள்ளி பூசினார்கள். ஊர்த்தலைவராகிய நானாவுக்கு வெள்ளிக் குடை ஒன்று பரிசாக வந்தது. அதன் பிறகு அவருக்கும் எதிர்காலத்தில் நம்பிக்கை பிறந்தது.

மறுத்துப் பேசியவள் அராபா பென்சிவா ஒருத்திதான். தலைவரின் வாய் என்பது அவள் வகித்த பதவி, பொன்முனைக் கோல் அதன் அடையாளம். அந்நாட்டில் தலைவர் சபையில் நேரடியாகப் பேசுவதில்லை. அவர் முணுமுணுப்பதை ஊர் கேட்கத்தக்க மொழியில் எடுத்துச் சொல்வதும், முன்னோருக்கு ஜின் மதுவைத் தரையில் ஊற்றி அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதும் வாயின் வேலை. பென்சிவா ஒரு பெயரையும் விட்டதில்லை, ஒரு பெயரையும் முன்பின்னாகச் சொன்னதுமில்லை. திருவிழாவின் தொடக்கத்தில் முன்னோருக்குப் பதிலாக, பிறக்கப்போகிறவர்களுக்கு ஜின் ஊற்ற வேண்டும் என்று ஈபோ கேட்டபோது அவள் கையிலிருந்த புட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"செத்துப்போனவங்களுக்கே எத்தனை காலத்துக்கும்மா ஊத்திக்கிட்டிருப்பீங்க? வரப்போறவங்களுக்கும் ஒருதடவை ஊத்துங்களேன்" என்றான் ஈபோ.

"வரப்போறவங்க பேரு என்ன?"

"பேரு எப்படித் தெரியும்? இன்னும் பொறக்கவே இல்லையே."

"பேரு தெரியாதவங்கள நான் வீட்டுக்குக் கூப்பிட்டதில்ல. நீ வேணா சந்தையில நின்னுக்கிட்டு, பசிக்கிறவங்க எல்லாம் வாங்கன்னு கத்திப் பாரு. யாரு யாரு வர்றாங்கன்னு அப்புறமா வந்து எனக்குச் சொல்லு."

"பேரு பேருன்னு பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்கக்கா" என்றார் சூப்பி டாண்டோ. "முதல் கம்பெனிக்காரன் பார்த்துக்கிட்டிருக்கான்."

நானா வெள்ளிக் குடையின் கீழிருந்து ஏதோ முணுமுணுத்தார். அது ஊற்று என்பதாகத்தான் இருந்தது. வாய் தலைவரை மீற முடியாது. பென்சிவா புட்டியை எடுத்தாள். "வரப்போகிறவர்களே, நீங்கள் யாராக இருந்தாலும், இதோ உங்களுக்கு" என்று சொல்லி மணலில் ஊற்றினாள். மணல் ஜின்னை வழக்கத்தைவிட வேகமாகக் குடித்துவிட்டது என்பதை அவள் கவனித்தாள். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அவர்கள் வந்தார்கள்.

வந்தவர்கள் யாரிடமும் வழி கேட்கவில்லை. தத்தம் தாய்வழிக் குடும்பத்தின் வீடு எதுவென்று அறிந்து, ஒருவர், இருவர், சில இடங்களில் கூட்டமாக, நேரே போய் வாசலில் மிதந்து நின்றார்கள். வீட்டாருக்கு முதலில் அச்சமும், பிறகு பெருமையும் உண்டாயின. பெருமை அன்று மாலை வரைக்கும் நிலைத்தது. வந்தவர்களுக்கு எதுவும் பிடிக்கவில்லை. கூரைத் தகரம் கெட்டது, அடுப்பின் புகை கெட்டது, பனங்கொட்டைக் குழம்பு தங்கள் தொழிற்சாலையில் செய்யப்படுவதைப்போல் இல்லை. ஆயினும் அள்ளி அள்ளி உண்டார்கள். குடும்பத்தின் பழைய குற்றங்கள் அனைத்தும் அவர்களுக்கு மனப்பாடமாயிருந்தன. பரம்பரை நகையை விற்றவன் எவன், தங்கையின் நிலத்தை எழுதி வாங்கியவன் எவன் என்று சாப்பாட்டுக்கு நடுவே சுட்டிக் காட்டினார்கள். சூப்பி டாண்டோவின் வீட்டுக்கு வந்த எகுவா என்பவள், புதிதாக வெள்ளி பூசிய சிமெண்டுப் படகைச் சுற்றிச் சுற்றி மிதந்து பார்த்தாள்.

"இது என்ன? வாழைப்பழமா?"

"படகும்மா. பறக்கிற படகு. உங்க காலத்து வண்டி" என்றார் சூப்பி.

"இதுல ஏறினா முதுகு ஒடிஞ்சுபோகும். எங்களுக்குத்தான் காலு இருக்கே, படகு எதுக்கு?" என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தி, "முதல் கம்பெனிக்காரங்ககிட்ட இதைக் காட்டிடாதீங்க, மானம் போயிடும்" என்றும் சொன்னாள். எதிர்காலத்திலும் இரு கம்பெனியாரும் பேசிக்கொள்வதில்லை என்பது இவ்வாறு தெரியவந்தது. அவர்கள் காலத்தில் ஊர் முழுவதும் கட்டுமரங்களைப்போல் பிணைத்த மிதவைகளின்மேல் நின்றது. காற்று யாருடையது என்பது பற்றிக் கம்பெனிகளுக்கிடையே வழக்கு நடந்தது. நானாவின் நாற்காலி யாருக்கு உரியது என்னும் பழைய வழக்கும் இன்னும் தீர்ப்பாகவில்லையாம்.

மிகுந்த ஏமாற்றம் அடைந்தவன் ஈபோதான். வந்தவர்களின் ஒட்டுப்போட்ட துணியையும் ரப்பர்ச் செருப்பையும் கண்டு அவன் மனம் நொந்தான். இது துயரத்தின் படிமம், இதைத்தான் உலகம் நம்மிடம் ஏற்கெனவே எதிர்பார்க்கிறது என்று அவர்களிடமே விளக்கினான். மூட்டை மூட்டையாக வெள்ளித்தாளைக் கொண்டுவந்து, அதை உடுத்திக்கொள்ளும்படி வேண்டினான். அவர்கள் தாளைத் தொட்டுப் பார்த்து, இதில் எதைச் சுற்றிச் சுடுவீர்கள் என்று கேட்டார்கள். முடிவில் அவன் உள்ளூர் இளைஞர்களுக்கு அதை உடுத்தி, பெட்டிகளின்மேல் ஏற்றி, மிதப்பதைப்போல் படம் எடுத்துக்கொண்டு போனான். உண்மையில் மிதந்தவர்கள் பின்னால் நின்று அதை வேடிக்கை பார்த்தார்கள். அப்படங்கள் வெளிநாட்டில் மூன்று நகரங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டுப் பெரும் பாராட்டைப் பெற்றன.

பென்சிவாவின் வீட்டுக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை.

அவள் முதல் நாளே வாசலில் முக்காலியிட்டு, குவளையில் தண்ணீர் வைத்திருந்தாள். முறைப்படி அழைக்கப்படாதவர்களே ஆனாலும் வந்தவர்களை முறைப்படி ஏற்க வேண்டும் என்பது அவள் கொள்கை. தெருவில் போனவர்கள் எவரும் அவ்வீட்டு வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் தண்ணீரை மாற்றினாள். மூன்றாம் நாளும் மாற்றினாள். அதன்பின் ஊரார் அந்தக் குவளையைப் பார்ப்பதற்கென்றே அந்தத் தெருவழியே நடக்கத் தொடங்கினர். பென்சிவாவுக்கு உடன்பிறந்த பெண்கள் இல்லை. பிள்ளையும் ஒரே பெண்தான். ஏபா என்று பெயர். படகு எந்திரங்களுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடையை நடத்திவந்தாள். மணமாகிப் பல ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. தாய்வழியே வம்சத்தைக் கணக்கிடும் அந்த மக்களிடையே, பென்சிவா வீட்டு வாசலில் மிதந்து நிற்க ஒருவரும் இல்லை என்பதன் பொருளை யாரும் யாருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை. அந்த வீடு ஏபாவோடு முடிகிறது.

அவ்வாரமே ஏபாவின் கணவன் கோஜோவின் தாய்மாமன் க்வேகு அம்பியா, இரண்டு பெரியவர்களோடும் ஒரு புட்டி ஜின்னோடும் வந்தார். மணத்தை முறிக்கும்போது கொடுக்கும் புட்டி அது. கோஜோ அவருக்குப் பின்னால் தன் கைபேசியைப் பார்த்தவாறு நின்றான்.

"பென்சிவா அக்கா, நாங்க சண்டைக்கு வரல" என்றார் அம்பியா.

"சண்டைக்கு வந்திருந்தா மரியாதை கொடுத்திருப்பேன். உட்காருங்க."

"நான் ஒளிச்சுப் பேச விரும்பலக்கா. குடிகாரன் வீட்டுக்குக்கூட ரெண்டு பேர் வந்து மிதக்கிறாங்க. உங்க வாசல்ல கொசு மட்டும்தான் மிதக்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? எங்க பையனுக்கு இன்னும் வயசு இருக்கு."

ஏபா கணவனைப் பார்த்தாள். "கோஜோ, உனக்கு வாய் இருக்கா, இல்ல அதையும் மாமாகிட்ட கொடுத்து வச்சிருக்கியா?"

"மாமா சொல்றதுல ஒரு நியாயம் இருக்குதானே, ஏபா" என்றான் கோஜோ, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பென்சிவா புட்டியைத் தொடவில்லை. "விருந்தாளிங்க ஊருக்குள்ள இருக்கும்போது வழக்கு தீர்க்கிறது இல்ல. அது உங்களுக்கும் தெரியும். அவங்களுக்கு வழி கொடுத்து அனுப்பின மறுநாள் வாங்க. புட்டியும் வேணும்னா வரட்டும்" என்றாள். அம்பியாவால் இதை மறுக்க இயலவில்லை. அவர்கள் போன பின்பு ஏபா கடைக்குத் திரும்பிப்போய், கதவைச் சாத்திவிட்டு, தேவையற்ற பல திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பென்சிவா அன்று முக்காலியை உள்ளே எடுத்துவைப்பாள் என்று தெரு எதிர்பார்த்தது. அவள் எடுக்கவில்லை, தண்ணீரை மாற்றினாள்.

விருந்தாளிகள் போகவில்லை. வாரங்கள் கழிந்தன. கெங்கே சுற்றுவதற்கு வாழையிலை அகப்படவில்லை. பள்ளிக்கூடத்தின் பலகைகளில் அவர்கள் தங்கள் கணக்குகளை எழுதிவைத்தார்கள். பருவம் தப்பி மழை வந்தபோது குடைகளில் நீர் முழுவதையும் பிடித்துக்கொண்டதால் ஊர்த் தொட்டிகள் காலியாகக் கிடந்தன. சகித்துக்கொள்ள முடியாமல் சூப்பி டாண்டோ எகுவாவிடம், அவமரியாதை தோன்றாதவாறு, எப்போது புறப்படுவதாக எண்ணம் என்று கேட்டார். அவள் வியப்படைந்தாள். "நீங்க இன்னும் சொல்லவே இல்லையே, எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு" என்றாள்.

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. அந்நாட்டில் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் இருக்கை, பிறகு தண்ணீர், அதன்பின் வந்த செய்தி என்ன என்னும் கேள்வி, இதுவே ஒழுங்கு. தானாக வந்தவர் செய்தியைச் சொல்ல வேண்டும். அழைத்து வந்தவரானாலோ, செய்தி அழைத்தவரிடம் இருக்க வேண்டும். செய்தியைக் கேட்காமல் அவர் திரும்பிப்போனால் அது அவருடைய குடும்பத்துக்கே இழுக்கு. பிறவாதவர்கள் இதுவரை செய்திக்காகத்தான் காத்திருந்தார்கள். அழைத்தவர்கள் தங்களைப் பற்றிப் பெருமை பேசுவதில் மூழ்கி, எதற்காக அழைத்தோம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்கள். இன்னும் சரியாகச் சொன்னால், மறப்பதற்கும் அவர்களிடம் ஒன்றுமிருக்கவில்லை.

நானா சபையைக் கூட்டினார். வெள்ளிக் குடையின் கீழே அவரும், எதிரே ஒரு சாண் உயரத்தில் விருந்தாளிகளும், நடுவே பென்சிவாவும் இருந்தனர். ஊரார் ஒவ்வொருவராக எழுந்து, விருந்தாளிகளை அழைத்த காரணத்தை ஊகித்துச் சொன்னார்கள். ஒருவர் லாட்டரியில் விழப்போகும் எண்களைக் கேட்டார். ஒருவர் துறைமுகம் கட்டுவார்களா, கட்டினால் தம் நிலத்தின்மேல் கட்டுவார்களா என்று கேட்டார். வெளிநாட்டிலிருந்து அதற்கெனவே தொலைபேசியில் வந்த ஈபோ, கூட்டுப்படைப்புக்காகவே அழைத்தோம் என்றான்.

"அப்படின்னா என்ன?" என்று விருந்தாளிகளுள் ஒருவர் கேட்டார்.

"நாம சேர்ந்து கற்பனை பண்றது."

"நாங்க கற்பனை இல்லையே தம்பி. நாங்க வந்து உட்கார்ந்து, உன் ஊர்க்காரங்க சோத்தைத் தின்னுக்கிட்டிருக்கோம்."

நானா முணுமுணுத்தது தெளிவாக இல்லை. பென்சிவா குனிந்து கேட்டாள், நிமிர்ந்தாள். என்ன வேண்டுமானாலும் சொல்லி அனுப்பிவிடு என்பதே அவர் சொன்னது. இதைத் தலைவரின் சொல்லாக எடுத்துரைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அத்தனை பேருக்கு முன் தன் வீட்டைப்பற்றி ஒரு கேள்வி கேட்க அவளுக்கு வாய்ப்பிருந்தது. பின்வரிசையில் அம்பியா அதைத்தான் எதிர்பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். அவள் கேட்கவில்லை. கோலைத் தரையில் ஊன்றிப் பேசினாள்.

"உங்களுக்குச் சொல்ல எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. அதுதான் உண்மை. கூப்பிட்டதும் முறையா இல்ல. பேரு தெரியாம, யாராயிருந்தாலும் வாங்கன்னு ஊத்தினோம். ஊத்தினது என் கை. நாயைக் கூப்பிடுறதுக்கும் ஒரு பேரு வேணும்; உங்களுக்கு நாங்க அதுகூடச் செய்யல. அதுக்கு இந்த ஊரு உங்ககிட்ட மன்னிப்பு கேட்குது."

சபை முணுமுணுத்தது. ஊர் மன்னிப்புக் கேட்பதாக ஊர் தீர்மானிக்கவில்லை. ஆனால் எகுவா சிரித்துவிட்டாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் குடையைத் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

"இதையேதான் சொன்னாங்க. ஒரு எழுத்து மாறாம இதையேதான் சொன்னாங்க."

"யாரு?" என்றார் சூப்பி.

"இந்த அம்மா வீட்டுக்காரங்கதான். வேற யாரு? நாங்க கிளம்பும்போது கூப்பிட்டோம். பேரு சொல்லிக் கூப்பிடாத இடத்துக்கு நாங்க போறதில்லன்னு துணி மடிச்சுக்கிட்டே சொல்லிட்டாங்க. அந்த வீட்டுப் பொம்பளைங்க எங்க காலத்துலயும் அப்படித்தான். கல்யாண வீட்டுல வரிசை மாறிப் பரிமாறினா எழுந்து போயிடுவாங்க. அவங்க வர்றாங்கன்னா நாங்க மிதவையைக் கழுவி வைப்போம்."

அம்பியா நீட்டிய கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். யாரோ ஒருவர், அவர்களுடைய பெயர்தான் என்ன என்று கேட்டார்.

"என்னைச் சொல்லச் சொல்றீங்களா? அவங்ககிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கிறது?" என்றாள் எகுவா.

பென்சிவாவின் முகத்தில் மாறுதல் எதுவும் தெரியவில்லை என்று அங்கிருந்தவர்கள் சொல்கிறார்கள். அவள் விருந்தாளிகள் பக்கம் திரும்பி, வழி கேட்கிறீர்களா என்றாள். கேட்கிறோம் என்றார்கள். விடைபெறுவதற்கு வழி கேட்கிறவருக்குப் பாதி வழி கொடுப்பது அந்நாட்டு வழக்கம். மீதியை வைத்திருந்தால்தான் விருந்தாளி மறுபடியும் வருவார். முழு வழியையும் கொடுப்பது திருடனுக்கும், மீண்டும் முகத்தில் விழிக்க விரும்பாதவனுக்கும் மட்டுமே. முழுசாகவே கொடுத்துவிடும்படி நானா முணுமுணுத்தார், சூப்பி வெளிப்படையாகவே சொன்னார், பின்வரிசைகள் கெஞ்சின. பென்சிவா தன் பதவிக்காலத்தில் முதன்முறையாகத் தலைவரின் சொல்லை மாற்றிச் சொன்னாள். "பாதி வழி கொடுத்தோம்" என்றாள். சபையில் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியாது. வந்தவர்கள் குடைகளை எடுத்துக்கொண்டு, வந்த வழியே கடலின்மேல் நடந்துபோனார்கள். மாலைக்குள் அவர்களுடைய துணிகளின் செங்காவி நிறம் அடிவானத்தோடு கலந்தது.

மறுநாள் க்வேகு அம்பியா சொன்னபடி வந்தார். கையில் இரண்டு புட்டிகள் இருந்தன. மணத்தை முறிப்பதற்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை. கோஜோ புதுச் சட்டை அணிந்திருந்தான், கைபேசியைக் காணவில்லை. பென்சிவா பேச வாயெடுத்தபோது ஏபா உதிரிப்பாகக் கடையின் எண்ணெய் படிந்த கையோடு உள்ளேயிருந்து வந்து, தானே இருக்கை போட்டாள், தானே தண்ணீர் கொடுத்தாள், வந்த செய்தி என்ன என்று தானே கேட்டாள்.

"பெரியவங்க ஒரு வார்த்தை தப்பாப் பேசியிருப்போம்மா" என்றார் அம்பியா. "உன் வயித்துல வரப்போறவங்க எவ்வளவு பெரிய மனுஷங்கன்னு இப்பத்தானே தெரியுது."

"என் வயித்துக்கு வரப்போறவங்கள உங்களுக்குத் தெரியும். என்னைத் தெரியல" என்றாள் ஏபா. "குடிச்சாச்சா? வழி கேளுங்க."

அம்பியா தயங்கித் தயங்கி வழி கேட்டார்.

"முழுசா எடுத்துக்குங்க" என்றாள் ஏபா. கோஜோ ஏதோ சொல்ல முயன்றான். மாமன் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அதன்பின் அந்தக் குடும்பத்தார் எவராலும் அத்தெருவுக்குள் வரும் வழியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சந்தையிலிருந்து புறப்பட்டால் அவர்கள் ஒவ்வொரு முறையும் உப்பங்கழிக்குப் போய்ச்சேர்ந்தார்கள்.

பாதி வழி பாக்கியிருந்தபடியால் பிறவாதவர்கள் ஆண்டுதோறும், மழைக்காலம் முடிந்த முதல் செவ்வாய்க்கிழமை, வரலாயினர். ஊர் அதற்கேற்ப முன்கூட்டியே மாவு புளிக்கவைத்துப் பழகிற்று. பென்சிவாவின் வீட்டு வாசலில் எந்த ஆண்டும் யாரும் நிற்கவில்லை. இப்போது அதற்குப் பொருள் வேறு. நாளடைவில் வசதியான குடும்பத்தார் சிலர் தங்கள் வீட்டுக்கு வந்தவர்களைக் கொல்லைப்புறத்தில் மறைத்து வைத்துவிட்டு, எங்கள் வீட்டாரும் பெயர் சொல்லி அழைக்காமல் வரமாட்டோம் என்றுவிட்டார்கள் என்று சொல்லித் திரியத் தொடங்கினர். ஒரு பாதிரியார் தம் வீட்டுக்கு வந்தவர்களைச் சமையலறையில் பூட்டியே வைத்தார். முதல் கம்பெனியார் தங்கள் சிமெண்டு விமானத்தை இடித்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டார்கள். அதுவே மிக உயர்ந்த எதிர்காலம் என்றார்கள். இரண்டாம் கம்பெனியார் இதற்கு மறுமொழி யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வரப்போகிறவர்களின் பெயரை ஊகித்து அழைத்துப் பார்க்கும்படி பென்சிவாவிடம் பலர் சொன்னார்கள். அந்தக் கரையில் ஒவ்வொருவருக்கும் பிறந்த கிழமையின் பெயர் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பெயரைச் சொல்லி அழைத்தால் ஒருத்தியாவது வராமலா போவாள் என்பது அவர்கள் வாதம். "கிழமையைச் சொல்லிக் கூப்பிட்டா பாதிக் கடற்கரை வந்து நிக்கும்" என்று அவள் அதைத் தள்ளிவிட்டாள். ஊகம் செய்வது அழைப்பாகாது. அவள் வாசலில் தண்ணீர் வைப்பதை நிறுத்தவுமில்லை. அவ்வாறே ஆண்டுகள் சென்றன. ஈபோ ஒருமுறை வந்து, பொன்தாளில் ஒரு திருவிழா நடத்தலாமா என்று கேட்டுவிட்டுப் போனான். ஏபா வேறோர் ஊரைச் சேர்ந்த ஃபீஃபி என்னும் வெல்டரை மணந்தாள். அவன் அதிகம் பேசாதவன். அவள் வீட்டைப்பற்றி ஊர் சொன்னது எதையும் கேட்டு நின்றதில்லை. குழந்தை பிறக்கவில்லை. அதைப்பற்றி அவர்கள் இருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பென்சிவா ஓர் ஈஸ்டர் வாரத்தில், மூன்று நாள் காய்ச்சலுக்குப் பின், படுக்கை விரிப்பின் சுருக்கத்தைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு இறந்தாள். நாற்பதாம் நாள் ஊர் ஏபாவிடம் கோலைக் கொடுத்தது. அவள் ஏற்றுக்கொண்டு, மழைக்காலம் முடிந்த முதல் செவ்வாய்க்கிழமை காலையில், முன்னோருக்கு ஜின் ஊற்றினாள். பிறவாதவர்களுக்கு அவ்வூரில் ஈபோவின் திருவிழாவுக்குப் பின் யாரும் ஊற்றியதில்லை. இறந்தவர்களின் பெயர்களைத் தாய் சொன்ன வரிசையிலேயே சொல்லிவந்து, இறுதியில், முதன்முறையாக, புதிய பெயரைச் சேர்த்தாள். "அராபா பென்சிவா, வந்து குடி" என்றாள்.

அந்த மக்கள் தங்கள் பெண்களுக்கு இறந்த மூதாட்டிகளின் பெயரைத்தான் வைக்கிறார்கள். அதை ஏபா உட்பட அனைவரும் அறிவர். அறிந்திருந்தும், அதே பெயரில் பிறக்கப்போகிறவள் ஒருத்தி இருப்பாள் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. சற்று நேரத்தில், மற்ற விருந்தாளிகள் இன்னும் அடிவானத்தில் புள்ளிகளாக இருக்கும்போதே, இளம்பெண் ஒருத்தி கடலின்மேல் தனியாக, வேகமாக நடந்துவந்தாள். ஒட்டுப்போட்ட துணிதான், ஒட்டுகள் அனைத்தும் ஒரே அளவில் வெட்டப்பட்டிருந்தன. யாரையும் பாராமல் தெருவைக் கடந்து, வாசலில் ஒரு சாண் உயரத்தில் நின்றாள். ஏபா இருக்கை போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், வந்த செய்தி என்ன என்று கேட்டாள்.

"பேரு சொன்னீங்க. வந்தேன்" என்றாள் அந்தப் பெண். குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "நாங்க ஏழு பேர். இந்த வீட்டுல எங்கே படுப்போம்?"

ஏபா மாலையில் ஃபீஃபியை அனுப்பி, பின்கட்டில் இன்னோர் அறை எழுப்புவதற்குச் சிமெண்டுக் கற்கள் சொல்லிவரச் சொன்னாள். அவன் எதற்கென்று கேட்கவில்லை. எத்தனை வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.